உலர்த்தும் இடத்தின் வரலாறு: ஜெஜு தீவுக் கடல்மகளிரின் தீக்களமும் ரப்பர் உடையின் வருகையும்

ஆய்வுச்சுருக்கம்

தென் கொரியாவின் ஜெஜு தீவில் மூச்சடக்கிக் கடலுள் மூழ்கி, கடற்சங்கு, நத்தை, கடற்பாசி முதலியவற்றைச் சேகரிக்கும் பெண்கள் ஹெனியோ எனப்படுகின்றனர். இரு மூழ்கல் தவணைகளுக்கு இடையில் அவர்கள் கரையேறித் தம் உடலையும் நனைந்த பருத்தி உடையையும் உலர்த்திக்கொண்ட கல்வளையம் புல்தொக் ஆகும். 1970களில் ரப்பர் உடை பரவியபின் அவ்விடத்தின் தேவை குன்றியது. பின்னர் எழுந்த வெந்நீர் வசதியுள்ள உடைமாற்றும் அறைகளே இதற்குக் காரணம் என்பது எளிதில் தோன்றும் விளக்கம். அவ்வறைகள் எழுவதற்கு முன்பே, உலர்த்தும் முறையில் நேர்ந்த மாற்றம் தீக்களத்தின் அடிப்படையைத் தகர்த்துவிட்டது என்பதை இக்கட்டுரை காலவரிசை, உடலியல், பொருட்பண்பு ஆகிய மூவகைச் சான்றுகளின் துணையால் நிறுவ முயல்கிறது. யப்பானின் மியே பகுதியில் வாழும் அமா மகளிரின் குடில்கள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: ஹெனியோ, ஜெஜு, புல்தொக், ரப்பர் உடை, மூச்சடக்கி மூழ்குதல், அமா, பெண்கள் உழைப்பு வரலாறு

முன்னுரை

கடலில் மூழ்கித் தொழில் செய்வோரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நீருக்குள் நிகழ்வதையே பேசுகின்றன. எவ்வளவு ஆழம் சென்றனர், எவ்வளவு நேரம் மூச்சடக்கினர், எதை எடுத்து வந்தனர் என்பனவே அவற்றின் வினாக்கள். மூழ்குவோர் கரையேறிய பின் நனைந்த உடையை என்ன செய்தனர் என்ற வினா அற்பமானதாகத் தோன்றுவதால் அது கேட்கப்படுவதில்லை. ஆயினும் குளிர்ந்த கடலில் தொழில் செய்வோர்க்கு இவ்வினா உயிரோடு தொடர்புடையது. தமிழ் வாசகர் நன்கறிந்த மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு வெதுவெதுப்பான கடலில், கோடையை ஒட்டிய மாதங்களில் நிகழ்ந்தது. கொரியக் கடல்மகளிரோ குளிர்காலத்திலும் மூழ்கினர். அவர்களுடைய ஓய்வு நேரம் இளைப்பாறுதல் மட்டுமன்று; இழந்த உடல்வெப்பத்தை மீட்டெடுத்து மீண்டும் நீரில் இறங்கத் தகுதி பெறும் நேரமுமாகும்.

ஜெஜு ஹெனியோ பண்பாடு 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2017இல் தென் கொரிய அரசு அதனைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது. 2023இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு ஜெஜு ஹெனியோ மீன்பிடி முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. இவ்வளவு போற்றப்படும் மரபின் மையத்தில் இருந்த ஓர் இடம் ஏன் வெறும் கற்சுவராக நின்றுவிட்டது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. பருத்தி உடையும் அதன் எல்லையும்

ஜெஜுவின் மூழ்கும் பெண்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, நாடுகடத்தப்பட்டு அத்தீவில் வாழ்ந்த யி கொன் என்பவர் 1629இல் எழுதிய குறிப்பு. 1702இல் தீவின் ஆளுநராக இருந்த யி ஹியோங்-சாங் தம் சுற்றுப்பயணத்தை ஓவியத் தொகுப்பாக வரையச் செய்தார். 'தம்னா சுல்லியோக்தோ' எனப்படும் அத்தொகுப்பில், யோங்துவாம் பாறையருகே வெண்ணிற உடையணிந்த பெண்கள் கடலில் மூழ்கும் காட்சி ஒன்று உண்டு. மூழ்கும் உடையின் வரலாற்றிற்கு இவ்வோவியம் அரிய சான்றாகும்.

அவ்வுடை பிற்காலத்தில் முல்சோஜுங்கி என்ற பெயரால் அறியப்படுகிறது. வீட்டில் நெய்தோ வாங்கியோ பெற்ற பருத்தித் துணியில் தைக்கப்பட்ட, ஒரு தோளில் தொங்கும் வார் கொண்ட உடை அது. ஒரு பக்கம் திறந்திருக்கும். அப்பக்கத்தை முடிச்சுப் பொத்தான்களால் இணைப்பர். உடல் பருத்தாலும் கருவுற்றாலும் அதே உடையைத் தளர்த்தி அணியலாம். கைவிரல்கள் மரத்துப்போன நிலையிலும் உடம்பை முழுவதும் திறந்துகாட்டாமலே அதை அவிழ்க்கவும் மாற்றவும் முடியும். ஒரு நாளில் பலமுறை கழற்றி மாட்டப்படுவதற்கு ஏற்ற அமைப்பு அதன் தையலிலேயே உள்ளது. மேலே அணியும் வெண்ணிறச் சட்டை, தலையில் கட்டும் துணி ஆகியன இதனோடு சேர்ந்தவை.

பருத்தி நீரை உறிஞ்சும். நனைந்த பருத்தி உடல்வெப்பத்தைக் காப்பதில்லை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நீருள் இருந்தபோது அவ்வுடை மானத்தையும் தோலையும் காத்ததேயன்றிக் குளிரிலிருந்து பெரிதாகக் காக்கவில்லை. கரையேறிய பின்னரோ அது பகையாகவே மாறியது. காற்று வீசும் ஜெஜுக் கரையில் ஈரத்துணி ஆவியாகும்போது உடம்பின் எஞ்சிய சூட்டையும் அது எடுத்துச் சென்றது. அதனால் கரையேறியவுடன் ஈர உடையைக் களைவதும், காற்றை மறிப்பதும், தீயருகே அமர்வதும் ஒரே செயலின் மூன்று கூறுகளாயின. புல்தொக் இம்மூன்றுக்கும் இடமளித்தது.

2. புல்தொக்: அமைப்பும் ஒழுங்கும்

கொரிய மொழியில் 'புல்' என்றால் தீ. புல்தொக் என்பதைத் தமிழில் தீக்களம் எனலாம். ஜெஜு எரிமலைத் தீவு. கருங்கற்குழம்பு உறைந்த துளைகள் நிறைந்த கல் அங்கு எங்கும் கிடைக்கும். கடற்கரையில் அக்கற்களை வளையமாக அடுக்கி, காற்று புகாதவாறு வாயிலைத் திருப்பி, நடுவில் தீ மூட்டினர். சுண்ணமோ கூரையோ இல்லை. இயற்கையான பாறை மறைவுகள் அமைந்த இடங்களில் அவையே தீக்களமாயின. விறகைப் பெண்களே தத்தம் வீட்டிலிருந்து சுமந்து வந்தனர். கரையேறியவர்கள் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு தீயைச் சூழ்ந்து அமர்ந்தனர்.

அமர்வதற்கு ஒழுங்கு இருந்தது. ஹெனியோக்கள் திறமையும் அனுபவமும் கருதி சங்குன், ஜுங்குன், ஹாகுன் என மேல், நடு, கீழ் நிலையினராகப் பகுக்கப்படுவர். புகை வந்து மோதாத, காற்று வரும் திசைப்பக்கம் சங்குன் நிலையினர்க்கு உரியது. இளையோர் புகை வரும் பக்கத்தில் அமர்ந்து தீயைப் பேணினர். இவ்விருக்கை ஒழுங்கை அதிகார அடையாளம் என்று மட்டும் படிப்பது குறையான வாசிப்பு. சங்குன் மகளிரே ஆழமான, தொலைவான பகுதிகளில் மூழ்கினர். அவர்களே மிகுதியாகக் குளிர்ந்து திரும்பினர். வேகமாகச் சூடேற வேண்டியவர்க்கு நல்ல இடம் என்ற நடைமுறை அறிவும் அதில் உண்டு எனக் கொள்வது பொருந்தும்.

உடல் உலரும் அந்நேரத்தில் பிற காரியங்களும் நடந்தன. எந்தப் பாறையிடுக்கில் என்ன கிடைக்கும், எந்த நீரோட்டம் எந்நேரத்தில் திரும்பும், எவ்வளவு மூச்சு மீதமிருக்கையில் மேலெழ வேண்டும் என்பவற்றைப் புதியவர் மூத்தோரிடம் கேட்டறிந்தனர். அடுத்த நாள் கடலுக்குச் செல்வதா, எந்தப் பகுதியைத் திறப்பது என்பவை அங்கேயே முடிவாயின. முதியோர்க்காக ஆழமற்ற பகுதியை ஒதுக்கும் வழக்கம் ஊர்களில் இருந்தது; 'பாட்டிமார் கடல்' என்று பொருள்படும் பெயரால் அப்பகுதி வழங்கப்பட்டது. பள்ளி கட்டுவதற்காக ஒரு பகுதியின் வருவாயை ஒதுக்கி அதனைப் 'பள்ளிக்கடல்' என்றழைத்ததும் உண்டு. கைக்குழந்தைகளை மூத்த பிள்ளைகள் தூக்கி வர, தாய்மார் தீயருகே பாலூட்டினர்.

இவையனைத்தும் உலர்த்தும் நேரத்தில் நிகழ்ந்தவை என்பதே இங்கு நோக்கத்தக்கது. கூட்டம் நடத்துவதற்காக எவரும் அங்குக் கூடவில்லை. உடம்பு குளிர்ந்ததால் கூடினர், கூடியதால் பேசினர். 1931-32இல் யப்பானியக் குடியேற்ற ஆட்சியின் கீழ் இயங்கிய மகளிர் மீன்பிடிச் சங்கத்தின் சுரண்டலை எதிர்த்து ஜெஜுவின் கிழக்குப் பகுதி ஹெனியோக்கள் பெரும் போராட்டம் நடத்தினர். நாள்தோறும் ஓரிடத்தில் முகம் பார்த்து அமர்ந்து பழகிய பெண்களின் ஒற்றுமை அப்போராட்டத்தின் பின்னணியில் வைத்து எண்ணத்தக்கது.

3. குளிரை அளந்த ஆய்வுகள்

இவ்வுலர்த்தும் இடைவேளை எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1960களின் உடலியல் ஆய்வுகள் எண்களில் காட்டின. கொரிய உடலியலாளர் சுக் கி ஹோங், அமெரிக்கரான ஹெர்மன் ரான் முதலியோர் பூசான் அருகே தொழில் செய்த மூழ்கும் பெண்களை ஆராய்ந்தனர். 1965இல் தோக்கியோவில் நடந்த கருத்தரங்கின் கட்டுரைகள் நூலாக வெளிவந்தன. ஹோங்கும் ரானும் 1967இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கொரிய, யப்பானிய மூழ்கும் மகளிரைப் பற்றி எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது.

இவ்வாய்வுகளின்படி, பருத்தி உடையணிந்த பெண்கள் கோடையில், நீர் ஏறத்தாழ 27 பாகை செல்சியசு இருந்தபோது, ஒரு தவணையில் ஒரு மணி நேரமளவு நீரில் இருக்க முடிந்தது. குளிர்காலத்தில் நீர் 10 பாகைக்கு இறங்கியபோது தவணை கால் மணி நேரமளவாகச் சுருங்கியது. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 35 பாகையை எட்டியதும் அவர்கள் கரையேறினர். நாளொன்றுக்கு அவர்கள் நீரில் இழந்த வெப்பம் சுமார் 1,000 கிலோ கலோரி. அதனை ஈடுசெய்ய, மூழ்காத பெண்கள் சுமார் 2,000 கிலோ கலோரி உண்ட நிலையில், இவர்கள் சுமார் 3,000 கிலோ கலோரி உண்டனர். குளிர்காலத்தில் ஓய்வுநிலை வளர்சிதை வேகம் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. மனித உடல் குளிருக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் தன்மைக்கு இது அரிய எடுத்துக்காட்டாகக் கருதப்பட்டது.

வரலாற்று நோக்கில் இவ்வெண்கள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. நீரில் இருக்கும் நேரத்தைத் தீர்மானித்தது மூச்சோ திறமையோ மட்டுமன்று. குளிரே இறுதி எல்லை. அந்த எல்லை ஒரே கடலில் இறங்கிய அனைவரையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கரைக்குத் திருப்பியது. தீக்களத்தில் எல்லோரும் ஒன்றாக அமர நேர்ந்தது இதனால்தான். கூட்டத்தைக் கூட்டியது நடுக்கமே எனலாம்.

4. ஈரத்தில் வெம்மை: ஒரு புதிய உடையின் தத்துவம்

நியோப்ரீன் எனப்படும் செயற்கை ரப்பர் 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் உருவானது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1951-52இல் நுரைவடிவ நியோப்ரீனைக் கொண்டு மூழ்குவோர்க்கான உடையை முயன்றார். அதுவரை குளிர்நீரில் வெம்மையாக இருக்க வேண்டுமானால் உடம்பு நனையாமல் இருக்க வேண்டும் என்பதே பொது எண்ணம். உடம்பு நனைந்தாலும் கேடில்லை, வெப்பத்தைக் காக்கும் வேலையை நுரையின் கண்ணறைகளில் அடைபட்ட வளியே செய்யும் என்பதை பிராட்னர் உணர்ந்தார். உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடம்பின் சூட்டைப் பெற்று அங்கேயே தங்கிவிடும். வெட்சூட் என்ற பெயரிலேயே ஈரம் இடம்பெற்றிருப்பது இக்காரணம் பற்றியே.

வெம்மையும் உலர்வும் ஒன்றே என்ற பழைய இணைப்பு இவ்வுடையால் அறுந்தது. புல்தொக் அவ்விணைப்பின் மேல் கட்டப்பட்டது. ஆகவே கலிபோர்னிய ஆய்வகத்தில் நிகழ்ந்த கருத்து மாற்றம் ஜெஜுக் கடற்கரையின் கல்வளையத்தைத் தொட்டது தற்செயல் அன்று.

பொருட்பண்பிலும் இரு உடைகள் எதிர்நிலையில் உள்ளன. பருத்தி தீயருகே உலரும், வெயிலில் காயும், மீண்டும் மீண்டும் நனைந்து காய்ந்தாலும் தாங்கும். நியோப்ரீன் வெப்பத்தாலும் புற ஊதாக் கதிராலும் முதுமையடைந்து விறைத்து வெடிக்கும். அதனைத் தீயருகே தொங்கவிடலாகாது. நேர் வெயிலில் காயப்போடலாகாது. உப்பு தங்கினால் உடை விறைக்கும். ஆகவே நன்னீரில் அலச வேண்டும். பின்னர் உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, காற்றோட்டமுள்ள நிழலில், மடிப்பு விழாமல் அகன்ற தாங்கியில் தொங்கவிட வேண்டும். தடித்த உடை உலர ஓரிரவும் போதாமற்போகும். ஈரமாகவே சுருட்டி வைத்தால் நாற்றமும் தோல் அரிப்பும் தொடரும். பருத்தி உடைக்கு வேண்டியது தீ. ரப்பர் உடைக்கு வேண்டியவை நன்னீரும் நிழலும்.

5. ஜெஜுவில் ரப்பர் உடை

1970களின் தொடக்கத்தில் யப்பானிலிருந்து ரப்பர் உடை ஜெஜுவை அடைந்து சில ஆண்டுகளில் பரவியது. ஹெனியோக்கள் அதனைக் கோமுஓத் என்கின்றனர். ரப்பர் உடை என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். உடையின் மிதப்பை ஈடுகட்ட இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டும் வழக்கம் அதனோடு வந்தது.

மாற்றம் உடனடியானது. பருத்தி உடையில் ஒருமணி நேரத்திற்குள் கரையேறியவர்கள் இப்போது மூன்று முதல் ஐந்து மணி நேரம் தொடர்ந்து கடலில் இருந்தனர். ஆழமான பகுதிகள் எட்டின. பிடிபடும் அளவு கூடியது. ஆண்டில் தொழில் செய்யும் நாட்களும் கூடின. வீட்டுச் செலவும் பிள்ளைகளின் கல்வியும் இப்பெண்களின் உழைப்பைச் சார்ந்திருந்த தீவில் இது பெரும் ஆதாயம். இம்மாற்றத்தை வெறும் இழப்பாக எழுதுவது அவர்களுடைய தெரிவுக்கு நேர்மை செய்வதாகாது. கால் மணி நேரத்தில் நடுங்கிக் கரையேறும் வாழ்வை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை.

உடலியல் சான்றும் மாற்றத்தின் வேகத்தைக் காட்டுகிறது. பூசான் பகுதிப் பெண்கள் 1977 முதல் ரப்பர் உடை அணியத் தொடங்கினர். அதன்பின் அவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, தலைமுறைகளாகக் கண்ட குளிர்த்தாங்கும் பண்பு சில ஆண்டுகளிலேயே படிப்படியாக மறைந்திருந்தது. குளிர்கால வளர்சிதை உயர்வும் காணப்படவில்லை. 1980களின் தொடக்கத்தில் அவர்களுடைய உடல் மூழ்காத பெண்களின் உடலைப் போலவே குளிருக்கு எதிர்வினையாற்றியது. நினைவைவிட விரைவாக உடல் மறந்தது.

இதே காலத்தில் ஹெனியோக்களின் தொகையும் குறைந்தது. 1965இல் சுமார் 23,000 பேர் இருந்தனர். 1970இல் சுமார் 14,000. 2023இல் 3,000க்கும் குறைவு. ஆரஞ்சுத் தோட்டங்கள், சுற்றுலா, பெண் கல்வி ஆகியவை பிற வாழ்வழிகளைத் திறந்தமை இதன் முதன்மைக் காரணம். ரப்பர் உடை இச்சரிவைத் தோற்றுவிக்கவில்லை. எஞ்சியவர்கள் முதுமையிலும் தொழிலைத் தொடர அது உதவியது என்பதே சரி. இன்று தொழில் செய்வோருள் மிகப் பெரும்பான்மையோர் 60 அகவையைக் கடந்தவர்கள்.

6. தீயிலிருந்து நீருக்கு

1980களில் ஜெஜுக் கடற்கரை ஊர்களில் கான்கிரீட் உடைமாற்றும் அறைகள் எழுந்தன. அவற்றில் வெந்நீர்க் குளியல், சூடேற்றப்பட்ட தரை, உடைகளைத் தொங்கவிடும் இடம் ஆகியன அமைந்தன. தீக்களத்தை இவ்வறைகள் நீக்கின என்பது பொதுவான கூற்று. காலவரிசை இதற்கு முழுமையாக இடந்தரவில்லை. ரப்பர் உடை 1970களில் பரவியது. அறைகள் அதற்குப் பின்னரே பரவின. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பெண்கள் தீக்களத்தில் உடை மாற்றினர், குளிர் காய்ந்தனர். ஆனால் அங்கு வரும் வேளை மாறிவிட்டது. முன்னர் தவணைகளுக்கு இடையில் வந்தனர். இப்போது தொழில் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் மட்டும் வந்தனர். மூழ்கல்களுக்கு நடுவே இருந்த இடம் நாளின் இரு ஓரங்களுக்கு நகர்ந்தது. அறை வந்தபோது அது ஏற்கெனவே இடைவேளையை இழந்திருந்த ஒரு தீக்களத்தின் இடத்தையே எடுத்துக்கொண்டது.

புதிய அறையின் அமைப்பைப் புதிய உடையின் தேவைகளோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அறையின் மையத்தில் இருப்பது தீயன்று, தண்ணீர். உப்பை அலசக் குழாய்நீர், இறுக்கமான உடையைக் கழற்றியபின் உடம்பைச் சூடேற்ற வெந்நீர், மறுநாள்வரை உடை தொங்க நிழல் ஆகியவை அங்குள்ளன. துளைகள் நிறைந்த எரிமலைப் பாறையில் மழைநீர் இறங்கிக் கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுவது ஜெஜுவின் இயல்பு. பழைய ஊர்கள் அவ்வூற்றுகளை ஒட்டியே அமைந்தன. நன்னீர் ஊரின் தேவையாக இருந்தது. ரப்பர் உடைக்குப்பின் மூழ்கும் தொழிலுக்கும் நன்னீர் நாள்தோறும் தேவையாயிற்று.

அறையிலும் பெண்கள் கூடுகின்றனர், பேசுகின்றனர், மூத்தோர்க்கு உரிய இடம் மதிக்கப்படுகிறது. மீனவர் கூட்டுறவு அமைப்பின் முடிவுகளும் அங்குப் பேசப்படுகின்றன. ஆகவே நிறுவனம் அழிந்தது எனல் பொருந்தாது. ஆயினும் ஒரு கூறு இடம்பெயரவில்லை. அதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது.

பருத்தி உடைக் காலத்தில் ஒவ்வொரு பெண்ணின் உடலும் குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் பிறர் கண்ணில் பட்டது. நீலம் பாய்ந்த உதடு, நிற்காத நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றைத் தீயருகே அமர்ந்தவர் கண்டனர். இன்று போதும் என்று மூத்தவர் ஒருவரைத் தடுக்க அங்கு வாய்ப்பிருந்தது. ரப்பர் உடைக்குப்பின் நேரத்தின் எல்லை குளிரிலிருந்து களைப்புக்கு மாறியது. களைப்பு நடுக்கத்தைப்போல் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. கரையில் அருகமர்ந்து பார்ப்பவரும் இல்லை. பல மணி நேரம் தொடர்ந்து மூழ்குவதால் வரும் தலைவலியும், கடலுக்குச் செல்லுமுன் வலிநிவாரணி உட்கொள்ளும் வழக்கமும் ஹெனியோக்களிடம் பரவலாகப் பதிவாகியுள்ளன. முதிய ஹெனியோக்கள் தொழிலின்போது கடலிலேயே இறப்பதும் தொடர்கிறது. இவ்விறப்புகளுக்கு முதுமை முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் உலர்த்தும் இடைவேளை ஒரு கண்காணிப்பு ஏற்பாடாகவும் இருந்தது என்பதும், அது மறைந்தபோது அதற்கு ஈடாக எதுவும் திட்டமிட்டு அமைக்கப்படவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

7. யப்பானியக் குடில்களோடு ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். யப்பானின் மியே மாவட்டத்தில் தோபா, சிமா கடற்கரைகளில் மூழ்கும் அமா மகளிரும் ரப்பர் உடைக்கு மாறினர். 1960களிலேயே அது அங்குப் பரவத் தொடங்கியது. ஆனால் அமாகோயா எனப்படும் அவர்களுடைய குடில்களில் இன்றும் தீ எரிகிறது. மூழ்குமுன்னும் பின்னும் பெண்கள் அங்கு அமர்ந்து சூடேறுகின்றனர். உடை மாறினால் தீ அணையும் என்ற வாதம் இங்குப் பொய்க்கவில்லையா?

விடை அவ்வூர்களின் நேர ஒழுங்கில் உள்ளது. ரப்பர் உடை வந்தபோது, கடல் வளம் விரைவில் தீர்ந்துவிடும் என்ற அச்சம் அங்கு எழுந்தது. சில ஊர்கள் அவ்வுடையின் பயன்பாட்டையே கட்டுப்படுத்தின. பல ஊர்களில் ஒரு தவணை ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் என்றும், நாளுக்கு ஓரிரு தவணைகளே என்றும் விதி அமைந்தது. குளிர் விதித்த எல்லையை உடை நீக்கியபோது, ஊர் தானே ஓர் எல்லையை விதித்துக்கொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் கடலில் இறங்கி ஒரே நேரத்தில் கரையேறும் பழக்கம் அதனால் நிலைத்தது, குடிலும் நிலைத்தது. 2017இல் தோபா, சிமா பகுதி அமா மீன்பிடி நுட்பம் யப்பானிய அரசின் முக்கிய நாட்டார் பண்பாட்டு மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது அக்குடில்கள் வெறும் நினைவுச்சின்னங்களாக இருக்கவில்லை.

ஜெஜுவிலும் வளப் பாதுகாப்பு விதிகள் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் சங்கு எடுக்கத் தடை, குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சங்கை மீண்டும் கடலில் விடுதல், மூழ்கும் நாட்களைக் கூட்டாக முடிவுசெய்தல் ஆகியன அவற்றுட் சில. இவ்விதிகள் பெரும்பாலும் எதை, எப்போது, எந்த அளவில் எடுக்கலாம் என்பதைப் பற்றியவை. ஒருவர் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கடலில் இருக்கலாம் என்ற எல்லை யப்பானிய ஊர்களைப்போல் மையமாகவில்லை. ஒப்பீடு நம் வாதத்தை மறுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. தீக்களத்தைத் தாங்கியது குறிப்பிட்ட துணியன்று, இடைவேளை. பருத்தி அந்த இடைவேளையை வலிந்து உண்டாக்கியது. ரப்பர் அதனை நீக்கியது. விதி அதனை மீண்டும் உண்டாக்க வல்லது.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவது, பருத்தி உடைக் காலத்தில் உடலையும் உடையையும் உலர்த்தும் தேவை ஹெனியோக்களை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூட்டியது. கல்வியும் முடிவெடுத்தலும் தகுதி ஒழுங்கும் அக்கூட்டத்தின்மேல் வளர்ந்தன. இரண்டாவது, ரப்பர் உடை வெம்மையை உலர்விலிருந்து பிரித்தது. அதன் பொருட்பண்பு தீக்கு மாறாக நன்னீரையும் நிழலையும் வேண்டியது. இதனால் உடைமாற்றும் அறைகள் எழுமுன்பே புல்தொக் தன் இடைவேளைப் பயனை இழந்தது. மூன்றாவது, மியே மாவட்ட அமாக்களின் எடுத்துக்காட்டு, நேர விதியின் துணையால் அவ்விடைவேளை நிலைக்கக்கூடியது என்பதைக் காட்டுகிறது.

ஜெஜுவின் ஹாதோ ஊரில் 2006இல் திறக்கப்பட்ட ஹெனியோ அருங்காட்சியகத்திலும், அதனைச் சூழ்ந்த கடற்கரையிலும் புல்தொக்கின் வடிவை இன்றும் காணலாம். கல்வளையங்களைப் பழுதுபார்த்துப் பேணுவது நற்பணியே. ஆனால் பேணத்தக்கது கல் மட்டும்தானா என்ற வினா எஞ்சுகிறது. முதிய பெண்கள் பல மணி நேரம் தொடர்ந்து மூழ்கும் இன்றைய சூழலில், தவணைக்கு நேர வரம்பும், தவணைகளுக்கிடையே கட்டாயக் கரையேற்றமும் மரபைப் பேணும் திட்டத்தின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். புல்தொக் செய்த வேலைகளுள் இன்னும் தேவைப்படுவது அதுவே. உழைப்பின் வரலாற்றை ஆராய்வோர் கருவிகளையும் விளைச்சலையும் எண்ணுவதோடு, உழைப்போர் நனைந்த உடையைக் களைந்து அருகருகே அமர்ந்த நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.